பெட்ரோல் டேப்பை மூடிட்டுத் தூங்கு

கண்ணு,

"வண்டி ஃப்ளட் ஆகுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது." பத்தொன்பது நாள் கழிச்சு உன்கிட்டருந்து வந்தது இந்த ஒரு வரியும் ஒரு போட்டோவும்தான். போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கறதில்ல. அதனால எழுதி பார்சலோட அனுப்பறேன். அவசரப்படாம ரெண்டு தடவை படி.

ஃப்ளட்னா இன்ஜினுக்குள்ள பெட்ரோல் அளவுக்கு மீறி இறங்குதுன்னு அர்த்தம். முதல்ல ஒரு வேலை. இன்னிக்கு ராத்திரியிலிருந்து வண்டியை நிறுத்தினதும் பெட்ரோல் டேப்பை மூடு. தாத்தா ஒரு நாள் கூட மூடாம வீட்டுக்குள்ள வந்ததில்ல, உனக்கே தெரியும். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ள பெட்ரோல் வர்ற வழியை அடைக்கற ஊசி, அந்த நீடில், சரியா உட்காரலைன்னா டேங்க்ல இருக்கறது ராத்திரி முழுக்க இறங்கிட்டே இருக்கும். கிண்ணத்துக்கு அடியில தொங்கற டியூப் வழியா தரையில சொட்டும். அந்த டியூப்ல மண்ணு அடைச்சிருந்தா இன்னும் மோசம். ஸ்ப்ளெண்டர்ல சிலிண்டர் படுத்திருக்கு, கார்புரேட்டர் அதுக்கு மேல உட்கார்ந்திருக்கு. வெளிய வழியில்லாத பெட்ரோல் நேரா இன்ஜினுக்குள்ளதான் இறங்கும், பிஸ்டன் ரிங் சந்துல புகுந்து ஆயில்ல கலக்கும். நீ வண்டி நிறுத்தற எடத்துக்கு மேலயே ஈ.பி. மீட்டர் பெட்டி இருக்கு, போட்டோவுல பார்த்தேன். அங்க பெட்ரோல் சொட்டக் கூடாது சாமி. டேப்பை மூடு.

இனி எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கற வழி. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஓடிட்டிருக்கறப்பவே டேப்பை மூடு. கிண்ணத்துல இருக்கற பெட்ரோல்ல கொஞ்ச நேரம் ஓடும். திணறிட்டிருந்த இன்ஜின், மட்டம் இறங்க இறங்க தெளிவாகி, கரும்புகை நின்னு, நல்லா ஓடி, அப்புறம் பெட்ரோல் தீர்ந்து நின்னா பெரும்பாலும் நீடிலோ, கிண்ணத்துல மிதந்து அந்த நீடிலைத் தூக்கி மூடற ஃப்ளோட்டோதான். கடைசி வரைக்கும் அதே திணறலோட நின்னா சோக்கையும் ஏர் ஃபில்டரையும் பாரு. சோக் லீவர் முழுசா ஆஃப் பக்கம் திரும்பியிருக்கணும், பாதியில நிக்கக் கூடாது. ஃபில்டர்ல தூசி அடைச்சிருந்தா காத்து குறையும், பெட்ரோல் அதிகமான மாதிரியேதான் ஓடும்.

இன்னொண்ணு, பத்துக் கிலோமீட்டர் ஓடி நின்னு, டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸுனு காத்து இழுத்து மறுபடி ஓடினா அது மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைப்பு. அது பெட்ரோல் வராத கோளாறு, உன்னுது அதில்ல. குழப்பிக்காதே.

பிளக்கைக் கழட்டிப் பாரு. ஈரமா, பெட்ரோல் வாசத்தோட கருப்பா இருந்தா ஃப்ளட். காஞ்ச புகைக்கரி மாதிரி, விரல்ல தொட்டா ஒட்டற கருப்புன்னா சோக், ஃபில்டர் பக்கம். காப்பிப் பொடி நிறம்னா நல்ல பிளக். ஆனா ஈரமா இருந்தாலே கார்புரேட்டர் மேல பழி போடாதே. ஸ்பார்க் பலவீனமா இருந்தாலும் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். இன்ஜின்ல தேங்கினதை வெளியேத்தின பிறகு, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, பிளக்கோட உடம்பை இன்ஜின்ல நல்லா ஒட்டிப் பிடிச்சு, சாவியை ஆன் பண்ணி உதைச்சுப் பாரு. பளிச்சுனு நீலமா அடிக்கணும். சோம்பலா மஞ்சளா வந்தா பிளக், கேப், காயில் எல்லாம் பார்க்க வேண்டியதுதான். பிளக் நுனி இடைவெளி 0.6லிருந்து 0.7 மில்லிமீட்டர்.

தேங்கினதை வெளியேத்தறது எப்படின்னா: டேப் மூடு, சாவி ஆஃப், சோக்கை முழுசா ஆஃப் பண்ணு, பிளக்கைக் கழட்டு, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சு பத்துத் தடவை உதை. பிளக்கைத் துடைச்சு மாட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சபடியே ஸ்டார்ட் பண்ணு. ஓடினதும் விட்டுடு. செல்ஃபைப் போட்டு அழுத்திட்டே இருக்காதே, பேட்டரிதான் போகும். இதெல்லாம் தெருவுல, வெளிக்காத்துல பண்ணு, அந்த மீட்டர் பெட்டிக்குக் கீழ வேண்டாம்.

போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர்ல 63,470. தைப்பூசத்தன்னிக்கு நீ கிளம்பறப்ப 52,118, தாத்தா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ரூமுக்கும் ஆபீசுக்கும் ஆறு கிலோமீட்டர்னு சொன்னே. ஹேண்டில்ல போன் மாட்டற கிளிப் புதுசா இருக்கு. அதைப் பத்திக் கேக்க எழுதல. 11,352 கிலோமீட்டருக்கு இதுக்குள்ள மூணு தடவை ஆயில் மாத்தியிருக்கணும், அதுக்காகச் சொல்றேன். ஆயில் குச்சியை உருவி மோந்து பாரு. பெட்ரோல் வாசம் வந்தாலோ, மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயில் மாத்தற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணியா ஓடற ஆயில் கேம்ஷாஃப்டைத் தின்னுடும். ஒரு நாள் ஓட்டம் போனாலும் போகட்டும்.

இப்ப கார்புரேட்டர். பன்னண்டு வயசுல கண்ணை மூடிட்டுக் கோத்தவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா. ஆனா டூல் பையை வீட்டுலயே வச்சுட்டுப் போனவனும் நீதான். சரியான முனை ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திருகு, கிண்ணத்து ஸ்க்ரூ தலை தேஞ்சா அப்புறம் தவிப்பே. பிரிக்கறதுக்கு முன்னால ஒரு சோதனை. பார்சல்ல ஒரு அடி, உள்ள இருக்கறது தெரியற பிளாஸ்டிக் டியூப் வச்சிருக்கேன். கிண்ணத்து அடியில பெட்ரோலை வடிக்கற டிரெய்ன் முனையில மாட்டி, மேல வளைச்சு, கார்புரேட்டர் பக்கவாட்டுல ஒட்டிப் பிடிச்சு, டேப்பைத் திறந்து டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்து. டியூப்ல தெரியற மட்டம்தான் உள்ள இருக்கற மட்டம். கிண்ணமும் உடம்பும் சேர்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நின்னா சரி. நிக்காம ஏறிட்டே போனா நீடில் மூடல.

டேப்பை மூடி, கிண்ணத்தை வடிச்சுட்டு இறக்கு. பின்னை உருவினா ஃப்ளோட்டும் நீடிலும் சேர்ந்து வரும். நீடிலை வெயில்ல பிடிச்சு கூம்பு நுனியைப் பாரு. நகத்தால தடவினா ஒரு வளையம் மாதிரி பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டா தூக்கிப் போடு. அது உட்கார்ற சீட் உடம்போட அடிச்சு இறக்கினது, கழட்ட வராது. பட்ஸ்ல கொஞ்சம் பெட்ரோல் தொட்டுச் சுத்தித் துடை, பஞ்சுல செம்பழுப்பா துரு வரும். கம்பி விட்டுக் குடையாதே, ஒரு கீறல் போதும், புது நீடிலும் ஒழுகும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டிப் பாரு, உள்ள தளும்பினா அது மிதக்காது. கிண்ணத்துக்குள்ள நிக்கற சின்னக் குழாயில விரிசல் இருந்தாலும் சொட்டும், அதையும் ஒரு பார்வை பாரு.

புது நீடில் போட்டதும், மூடறதுக்கு முன்னால கார்புரேட்டரைக் கவுத்துப் பிடிச்சு பெட்ரோல் வர்ற குழாயில வாயால மெதுவா ஊது. ஃப்ளோட் தன் கனத்துல உட்கார்ந்திருக்கறப்ப காத்து போகவே கூடாது. விரலால தூக்கினா போகணும். கம்ப்ரசர் காத்தை இதுல அடிக்காதே.

யாராவது காத்து அளவு வைக்கற ஏர் ஸ்க்ரூவைத் திருகிச் சரி பண்ணிடலாம்னு வந்தா தொட விடாதே. ஒழுகற நீடிலுக்கு அது மருந்தாகாது, நல்லா இருக்கற ட்யூனிங்கும் கெடும்.

இதை எழுதிட்டிருக்கறப்பவே ஒண்ணைச் சொல்லாம தாண்டிப் போயிடலாம்னு பார்த்தேன். நீ கிளம்பறதுக்கு முன்னால நான் மாட்டின அந்த நீடில் ஒரிஜினல் இல்ல கண்ணு. ஒரிஜினல் வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. நான் காத்திருக்கல, கைக்குக் கிடைச்ச டூப்ளிகேட்டைப் போட்டுட்டேன். ஒன்றரை வருஷம் தாழ்வாரத்துல நின்ன வண்டி, டேங்க்ல துரு இருந்ததும் எனக்குத் தெரியும். கழுவல, ஃபில்டரும் போடல. இப்ப பங்க்ல ஊத்தற 20 சதவீத எத்தனால் பெட்ரோல்ல தண்ணி சேரும், மட்டமான ரப்பர் உப்பிடும். யாராவது என் பட்டறையில இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன். முந்தின நாள் ராத்திரி பேசின பேச்சுக்கப்புறம், நீ சீக்கிரம் கிளம்பிட்டா போதும்னு இருந்துச்சு. ரெண்டு நாள் இருடா, பார்ட் வரட்டும்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

பார்சல்ல ஒரிஜினல் நீடில், கிண்ணத்து ரப்பர், புது பிளக், பெட்ரோல் ஃபில்டர், உன் டூல் பை இருக்கு. ஃபில்டர்ல அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து இருக்கணும். அதை மாட்டறதுக்கு முன்னால டேங்கைக் கழட்டி, ரெண்டு கைப்பிடி சின்ன நட்டும் அரை லிட்டர் பெட்ரோலும் போட்டு நல்லா குலுக்கி, நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடு. டேப்போட சல்லடையையும் துடை. அம்மா பருப்புப் பொடி வச்சிருக்கா, பெட்ரோல் படாம முதல்ல அதை எடுத்து வை.

ஆயில் குச்சி, பழைய நீடில் நுனி, ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. நீ ரூமுக்கு வர எத்தனை மணியானாலும் சரி, அப்பவே அனுப்பு. நான் முழிச்சுதான் இருப்பேன்.

டேப்பை மூடிட்டியா?

அப்பா