மலைமேல் கேமரா வேண்டாம், படிக்கட்டில் ஏன் கூடாது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழநிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கேமராவையும் செல்போனையும் அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிட்டதால் எடுக்க ஒன்றுமில்லாமல் திரும்பியதாகவும், இந்தத் தடையை அடியோடு நீக்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் தடையை நீக்கச் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழநிக்கு அடிக்கடி போய்வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் தமிழகக் கோயில்களில் செல்போன் தடை வேகம் பிடித்தது. பழநியில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் மூலவரைப் படம் எடுக்க அனுமதி கிடையாது. இருந்தும் எடுத்தார்கள், இணையத்திலும் விட்டார்கள். சாயரட்சை என்கிற மாலைப் பூசையில் ராஜ அலங்காரத்துக்குத் திரை விலகுகிற நேரத்தில் முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால், பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது போனுக்குள் தெரியும் குட்டி முருகன்தான். ஐந்தாறு மணி நேரம் வரிசையில் நின்று வந்தவர் அதையா பார்க்க வந்தார்? இப்போது அந்தத் தொல்லை இல்லை. வரிசையும் நிற்காமல் நகர்கிறது. இதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது நியாயமில்லை.

என் குறை வேறு. தடை சரி, அது தொடங்குகிற இடம் சரியில்லை. அடிவாரத்துப் பாத விநாயகர் கோயில் பக்கத்திலும், விஞ்ச் என்கிற இழுவை ரயில், ரோப்கார் நிலையங்களிலும் போனை வாங்கி வைக்கிறார்கள். ஒரு போனுக்கு 5 ரூபாய், அது பெரிய விஷயமில்லை. விஞ்சிலோ ரோப்காரிலோ போகிறவர் நேரே மேலே போய் இறங்குகிறார், அவருக்குக் கீழே வாங்குவது பொருத்தம். ஆனால் நடந்து ஏறுகிறவருக்கு 693 படியும் சேர்ந்தே கேமராவுக்கு வெளியே போய்விடுகிறது. அந்தப் படிகள் கருவறை இல்லையே! ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள், மண்டபத்தில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் பாட்டி, பாதி வழியில் இடும்பன் சன்னதியில் நின்று கும்பிட்டுவிட்டு ஏறும் காவடிக்காரர்கள், யானைப் பாதையின் வளைவுகள். பழநி என்றால் இதெல்லாமும்தானே.

அதனால் நடந்து வருகிறவர்களுக்கான காப்பக அறையைப் படிகளின் உச்சியில், கோயிலுக்குள் நுழைகிற இடத்தில் வைக்கலாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. படியில் ஏறிவிட்டு, இறங்கும்போது கால் வலிக்கிறது என்று ரோப்காரில் வருகிறவர்கள் நிறையப் பேர். போன் கிடப்பது பாத விநாயகர் பக்கம், ஆள் வந்து இறங்குவது வேறு பக்கம். அப்புறம் கிரிவலப் பாதையில் நடந்து போய் வாங்க வேண்டும். மேலேயே கொடுத்து மேலேயே வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை.

மேலே நடப்பவற்றைத் திருக்கோயில் நிர்வாகமே நல்ல படக்காரர்களை வைத்துப் பதிவு செய்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். இரவில் தங்கத் தேர் வலம் வருவது, தைப்பூசத்தை ஒட்டி வரும் எடப்பாடிப் பக்தர்கள் மலையிலேயே இரவு தங்குவது எல்லாம் படமாக இருக்க வேண்டியவை. எடப்பாடிக்காரர்களுக்கு மட்டும் உள்ள உரிமை அது. நம்மில் பலருக்கு நேரில் பார்க்க வாய்க்காது.

எடுக்க ஒன்றுமில்லை என்று கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். பழநி ஆண்டவர் மேற்கு பார்த்து நிற்கிறார். மாலை வெயில் கோயில் முகப்பில் நேராக விழும். மேற்குக் கிரிவீதியில் நாலரை, ஐந்து மணிக்கு நின்றாலே போதும். சுமார் 2.5 கிலோமீட்டர் உள்ள கிரிவலப் பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆக்கிரமிப்புகளை அகற்றிவிட்டார்கள், தனியார் வாகனங்களும் வருவதில்லை. முன்பு கடைக் கூரைகளுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டியிருந்த மலை இப்போது முழுசாகத் தெரிகிறது. கோவை சாலையில் சண்முகநதிப் பக்கம் போனால் ஊர், மலை, பின்னால் கொடைக்கானல் மலைத்தொடர் மூன்றும் ஒரே படத்துக்குள் வரும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் என்றால் இன்னும் தெளிவாக இருக்கும்.

பழநிக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்குமே வருகிறார்கள். நான் சொல்வது அக்னி நட்சத்திரம். சித்திரைக் கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் உள்ளூர்ப் பெண்கள் கடம்ப மலர் சூடி, விடியற்காலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றி வருவார்கள். வெயிலுக்குப் பயந்து வெளியூர்க் கேமரா ஒன்றுகூட வராது. வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சண்முகநதியில் குளிக்கிற பெண்களை லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்து எடுத்து, பக்தி என்று தலைப்பு வைத்துக் கண்காட்சிக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொட்டை போடும்போது அழுகிற குழந்தையைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதும் அதே ரகம்தான். கோயிலுக்குள் போனைத் தூக்குகிறவரை ஊழியர் தடுக்கிறார், இவர்களைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. சந்தனம் பூசிய மொட்டையோடு குடும்பமாக ஸ்டூடியோவில் நின்று எடுத்த பழநிப் படம் நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் இன்னும் சுவரில் இருக்கிறது. மலை உச்சியில் எடுத்த செல்ஃபி எத்தனை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது என்று கட்டுரையாளரைக் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியாக உங்களிடமும் ஒரு முறையீடு. கட்டுரைக்கு முகப்பாக முழுப்பக்கத்துக்குப் போட்டிருந்த படத்தில் இருப்பது பழநி மலை இல்லை, பக்கத்தில் உள்ள இடும்பன் மலை. இடும்பன் காவடியாகத் தூக்கி வந்த இரண்டு மலைகளில் அதுவும் ஒன்று என்பதால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.