கணப்புச் சுவரில் டிவி மாட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் 31 வருஷமாக மேஸ்திரி வேலை பார்க்கிறேன். ஏலகிரி மலையில் ஒரு வீட்டில் நான் கட்டிக் கொடுத்த கணப்பின் (ஹாலில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் அடுப்பு) மேல் மாட்டியிருந்த 55 அங்குல டிவி, இந்தத் தை மாதம் ஒரு ராத்திரி அப்படியே பெயர்ந்து விழுந்துவிட்டது. கீழே போட்டிருந்த கடப்பா கல் முனை உடைந்து கிடந்தது. அந்தக் கல்லின் மேல்தான் வீட்டுக்காரரின் பேத்தி தினமும் சாயங்காலம் உட்கார்ந்து குளிர்காய்வாள். விழுந்தபோது அவளுடைய ஈர ஷூ மட்டும் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

காலையில் போன் வந்தது. "என்ன மேஸ்திரி, நீங்க கட்டின சுவர் இப்படிப் பெயர்ந்து வந்திருக்கே?" என்றார் சார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே பொன்னேரி வழியாக 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

நான்கு ஓட்டை. மூன்று, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்தில் போட்டது. நான்காவது, செங்கல்லின் விளிம்பிலேயே போட்டு மூலை பிளந்திருந்தது. ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் வெள்ளை பிளாஸ்டிக் பிளக்குகள் ஸ்க்ரூவோடு சேர்ந்து முழுசாக உருவிக்கொண்டு வந்திருந்தன, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. சுவரைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் கரி படிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், துளை புகைக்கூண்டுக்குள்ளேயே போய்விட்டிருக்கிறது. இரண்டு வாரமாக ஹாலில் புகை வாடை அடித்ததற்குக் காரணம் அதுதான்.

கணப்புக்கு மேலே இருக்கிற சுவர் மற்ற சுவர் மாதிரி கிடையாது. அதன் பின்னால் புகைக்கூண்டு ஏறுகிறது. முன்பக்கம் நிற்பது பெரும்பாலும் நாலரை அங்குலக் கட்டுதான். அதில் நீளமான பிட்டைப் போட்டு ஹேமர் ட்ரில்லால் அடித்தால் பின்பக்கம் செங்கல் சிதறிவிடும். போதாததற்கு, நெருப்பு எரிகிறபோது அந்தச் சுவர் சூடாகும், அணைந்ததும் ஆறும். தினம் தினம் இப்படிச் சூடாகி ஆறினால் பிளாஸ்டிக் பிளக்கின் பிடி தளராமல் என்ன செய்யும்?

டிவி வாங்கினால் மாட்டித் தருவது இலவசம் என்று கடைக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள். வந்த பையன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ட்ரில் போடும்போது கொட்டுகிற தூளைப் பார்த்தாலே போதும். சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறத்தில் வந்தால் சாந்து. சாம்பல் நிறம் வந்தால் நிறுத்திவிட்டு இடத்தை மாற்ற வேண்டும். நல்ல வேக்காடு உள்ள செங்கல்லின் நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற தூளை ஊதி எடுத்துவிட்டு, உள்ளே விரிந்து பிடிக்கிற இரும்பு ஆங்கர் போல்ட் இறக்கினால் நிற்கும். பழைய வீடுகளில் மண் சாந்து, சுண்ணாம்புச் சாந்து என்றால் இதிலும் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

2006-க்குப் பிறகு அரசு 14 அங்குலக் கலர் டிவி கொடுத்த காலத்தில், எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு அதை வைக்கக் கடப்பா கல் ஷெல்ஃப் பதித்துக் கொடுத்திருக்கிறேன். பாரம் முழுக்கக் கல்லின் மேல் உட்காரும். இப்போது பதினைந்து கிலோவுக்கு மேலான பாரம் நான்கு ஸ்க்ரூவில் தொங்குகிறது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

சுவர் தாங்கினாலும் டிவி தாங்குமா என்பது வேறு கேள்வி. 40 டிகிரிக்கு மேல் சூடு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது என்று பல டிவிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கணப்பை இரண்டு மணி நேரம் நன்றாக எரியவிட்டு, டிவி வரப்போகிற உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத இடத்தில் டிவியை மாட்டாதீர்கள். உயரமும் சரிப்படாது. சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். கணப்புக்கு மேலே மாட்டினால் டிவியின் நடுப்பகுதி ஐந்தரை அடிக்குப் போய்விடுகிறது. வயசானவர்கள் ஒரு சீரியல் முடிவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது வேலூர் டவுனிலும் ஹாலில் நெருப்பில்லாத கணப்பு அலங்காரத்துக்குக் கேட்கிறார்கள். செங்கல் மாதிரி டைல் ஒட்டி அதன் மேல் டிவி. டைலைச் செங்கல் என்று நம்பிச் சின்ன ஸ்க்ரூ போட்டால், ஒருநாள் டைலும் டிவியும் சேர்ந்து வரும். டைலைத் தாண்டி உள்ளே இருக்கிற சுவரில் பிடிமானம் இருக்க வேண்டும்.

கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பில் போடும்போதே "என்ன சுவர், பின்னால் புகைக்கூண்டு இருக்கிறதா" என்று கேட்டு எழுதி, மாட்டப் போகிற பையன் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக்காரர்களும் சுவரைக் கட்டிய மேஸ்திரிக்கு ஒரு போன் போடுங்கள். எந்த இடம் கெட்டி, எந்த இடம் பொள்ளல் என்று அவருக்குத் தெரியும்.

ஏலகிரி வீட்டில் நான்கு ஓட்டைகளையும் சூடு தாங்கும் களிமண் கலவை வைத்து நானே அடைத்துவிட்டேன். கூலி வாங்கவில்லை. சார் புது டிவியை எதிர்ச் சுவர் ஓரமாக, மர மேஜை மேல் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.