ஓய்வுபெற்றவருக்கு எதற்கு ரைபிள்?

ஆசிரியருக்கு,

அமெரிக்க மாநிலங்களின் துப்பாக்கித் தடைகள் பற்றிய உங்கள் தலையங்கம், போலீஸாருக்கான விலக்கை ஒரே வரியில் கடந்துவிட்டது. சிக்கலே அங்கேதான். கலிஃபோர்னியாவில் பதவிப் பிரமாணம் எடுத்த போலீஸ் அதிகாரி, துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதம் இருந்தால், தடைசெய்யப்பட்ட அசால்ட் ரைபிளை (ராணுவ பாணித் துப்பாக்கியை) சொந்தமாகவே வாங்கலாம்; 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். துறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது கிடையாது. அவசர அழைப்புகளை எடுக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடமாக அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். பிரமாணம் எடுக்காதவர் என்பதால், சட்டத்தின் கண்ணில் அவரும் நானும் ஒன்றுதான். அது சரியும்கூட.

விலக்கு பணிக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல. ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை தர நியாயமான காரணமில்லை என்று 2002-லேயே கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனாலும் இல்லினாய் மாநிலம் 2023-இல் கொண்டுவந்த சட்டம் தகுதியுள்ள ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தது. (ஓட்டுக் கணக்கோ என்னவோ!) அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, ரைபிளைத் துறையே வாங்கிக் கொடுத்து, ஓய்வுபெறும் நாளில் அடையாள அட்டையோடு சேர்த்துத் திரும்பப் பெறலாம்.

— ஒரு வாசகர், சான் ஹோசே