ஓடுகாலிக்கு ஒரு கடிதம்

சேது,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, என்னைத்தான் முதலில் கடித்தாள். வசந்தி உன்னை விசாரித்தாள். குடும்பச் சேதி அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது பக்கம் மேலேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்கியது. கண்ணாடியில்தான் ஏதோ என்று கழற்றித் துடைத்தேன். துடைத்துப் போட்டாலும் அப்படியே. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது: தலைப்புச் செய்தி இல்லை, கொஞ்ச நேரத்தில் பேப்பரே இல்லை. வலி கிடையாது, தலைசுற்றல் கிடையாது. நாலைந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி திரை ஏறிவிட்டது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? குறுக்கெழுத்தை முடித்தேன்.

மூன்றாம் நாள்தான் வசந்தியிடம் வாய் தவறிச் சொன்னேன். அடுத்த அரை மணியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண், நம் பிள்ளைகளைவிட இளையவள். "மூணு நாள் ஏன் சார் வரலை?" என்றாள். "சரியாப் போயிடுச்சேம்மா" என்றேன். "சரியாப் போறதுதான் சார் இதோட அடையாளமே" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதினாள்: அமரோசிஸ் ஃப்யூகாக்ஸ்.

அமரோசிஸ் கிரேக்கம், இருட்டிப்போவது. அதை விடு. ஃப்யூகாக்ஸ் என்று படித்ததும் எனக்கு வியாதி மறந்துவிட்டதடா! நம் பாட்டனி வாத்தியார் மகரந்தம் சார் குரல்தான் காதில் விழுந்தது. "ஃப்யூகேஷியஸ் வேற, கடூக்கஸ் வேற!" புத்தகத்தில் இரண்டையும் சேர்த்து 'முன்னுதிர்பவை' என்று போட்டு, சப்பாத்திக்கள்ளி, பிரண்டை என்று உதாரணமும் கொடுத்திருக்கும். இலை வந்ததும் உதிர்ந்துவிடும், கதை முடிந்தது. சாருக்கு அது போதாது. பிரம்மதண்டு மொட்டு ஒன்றைப் பறித்து வந்து மேஜைமேல் வைத்தாரே, நினைவிருக்கிறதா? நுனியில் கொம்பு வைத்த புல்லிதழ்கள். உள்ளே கசங்கிக் கிடந்த மஞ்சள் இதழ் விரியத் தொடங்கியதும் அவை தொப்பி கழன்ற மாதிரி மேஜையில் விழுந்தன. "இது கடூக்கஸ். லத்தீன்ல விழுறதுன்னு அர்த்தம். ஃப்யூகேஷியஸ்னா ஓடறது. விழுறவனும் ஓடறவனும் ஒண்ணா?" என்று கேட்டு நிமிர்ந்தவர் கண்ணில், பின்வாசல் வழியாக நழுவிக்கொண்டிருந்த நீ பட்டாய். "அதோ போறான் பாரு உதாரணம்!" அன்றைக்கு வைத்த பேர்தானே ஓடுகாலி.

அந்தச் சொல்லைத்தான் இந்த ஒரு மாதமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். எஃபெமரல் என்றால் கிரேக்கத்தில் ஒரு நாளுக்கு உரியது. அதற்குக் கையில் கடிகாரம் வேண்டும். ஃப்யூகேஷியஸுக்குக் கால் இருந்தால் போதும். எவ்வளவு நேரம் இருந்தது என்று அது கேட்பதில்லை. பிடிக்குமுன் ஓடிவிட்டதா, அவ்வளவுதான். நம் 'நிலையாமை' நிற்பதிலிருந்து பார்க்கிறது, நில்லாதது என்கிறது. 'தற்காலிகம்' என்று போட்டாலோ அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஃப்யூகாக்ஸுக்கு நேர்த் தமிழ் ஓடுகாலிதான். என்ன, அந்த வார்த்தையை வீட்டைவிட்டுப் போன பெண்களைத் திட்டியே தீர்த்துவிட்டோம். மருத்துவ நூலில் ஏற்ற முடியாது.

கெமிஸ்ட்ரிக்குத் தாவிய உனக்கு ஃப்யூகாசிட்டி தெரியாதா என்ன. புள்ளி வைத்து எலக்ட்ரான் கணக்குச் சொன்ன அதே லூயிஸ் 1901-ல் வைத்த பேர். ஒரு பொருள் தான் இருக்கிற இடத்தைவிட்டுக் கிளம்ப எவ்வளவு துடிக்கிறது என்பதற்கு ஓர் அளவு, அழுத்தத்தின் அலகிலேயே. இலட்சிய வாயுவில் அழுத்தமும் அதுவும் ஒன்று. நிஜ வாயுவில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பதால் கணக்கு மாறுகிறது. தேர்வுக்கு முந்தின ராத்திரி நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது: "திரவமும் ஆவியும் சமநிலையில இருக்குன்னா யாரும் ஓடலைன்னு அர்த்தமில்லைடா. ரெண்டு பக்கமும் ஓடற துடிப்பு ஒண்ணா இருக்கு." அப்போது மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன்.

சரி, டாக்டரிடம் வருகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தாள். விழித்திரையில் ஒரு தமனி இரண்டாகப் பிரிகிற கவட்டில் மஞ்சளாக ஒரு துணுக்கு மினுங்கியதாம். கொலஸ்ட்ரால். கழுத்து ரத்தக்குழாயின் சுவரில் படிந்திருந்ததிலிருந்து உடைந்து மேலே போயிருக்கிறது. இருட்டு ஓடிவிட்டது, இருட்டைக் கொண்டுவந்தது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குப் போன துணுக்கு கொஞ்சம் தள்ளி மூளைக்குப் போயிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் கழுத்து அடைப்பு பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் போதும் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். முன்பெல்லாம் இந்த மாதிரி அடையாளங்கள் 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் தற்காலிகம், தாண்டினால் பக்கவாதம் என்று கணக்காம். எம்ஆர்ஐ வந்த பிறகு பார்த்தால், பத்தே நிமிஷத்தில் தெளிந்துவிட்டவர்கள் பலருக்கும் மூளையில் திசு செத்த தடம் இருந்திருக்கிறது. அதனால் 2009-ல் அமெரிக்காவில் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, திசு செத்ததா இல்லையா என்பதையே இலக்கணம் ஆக்கிவிட்டார்கள். மூளை, தண்டுவடம், விழித்திரை மூன்றும் அதில் அடக்கம். மகரந்தம் சார் கேட்டிருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

இப்போது நீ. போன தடவை போனில் என்ன சொன்னாய்? "இடது கை ரெண்டு நிமிஷம் என் கையே இல்லாத மாதிரி இருந்துச்சுடா, டம்ளர் நழுவிடுச்சு. அப்புறம் சரியாப் போயிடுச்சு." நானும், உன் கைகூட வகுப்பைக் கட் அடிக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இந்த ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. சீட்டு எழுதி முடித்த டாக்டரிடம் உன் பேரைச் சொல்லாமல் உன் கையைச் சொன்னேன். "எப்ப நடந்தது?" என்றாள். எட்டு மாதம் முன்னால் என்றேன். "முதல் ரெண்டு நாள்தான் ஆபத்து ரொம்ப ஜாஸ்தி. அதைத் தாண்டிட்டார். ஆனா காரணம் என்னன்னு இன்னும் யாரும் பார்க்கலையே. உடனே வரச் சொல்லுங்க" என்றாள். பேனாவை மூடிவிட்டுத்தான் சொன்னாள்.

உனக்குப் பிரஷர் இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நீ சொல்வதை உன் பெண்டாட்டியே நம்புவதில்லை. இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போ. கழுத்துக்கு டாப்ளர், நெஞ்சுக்கு ஈசிஜி, மற்றதை அவர்கள் சொல்வார்கள். மறுபடி கை மரத்தாலோ வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே. நான் உட்கார்ந்தது போதும்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் உன் பெண்ணுக்குப் போன் பண்ணிவிடுவேன். நம்பர் வசந்தியிடம் இருக்கிறது. இந்தத் தடவை பின்வாசல் கிடையாது.

உன்,
ரகு

பி.கு.: இதே ஃப்யூகாக்ஸ் வாலோடு இன்னொரு வியாதியும் உண்டாம். ஆசனவாயில் சுளீரென்று ஒரு வலி வந்து, யாரிடம் சொல்வது என்று யோசிப்பதற்குள் ஓடிவிடுமாம். எனக்குக் கண்ணில் வந்ததே பெரிய கௌரவம்.