பாதி மருந்தில் தப்பிய பூச்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மக்காச்சோளப் படைப்புழுக் கட்டுரை பயனுள்ளது. புழுவின் பருவங்களைப் படத்தோடு விளக்கியிருந்ததை எங்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் வெட்டியே வைத்துக்கொண்டார்கள். ஆனால், கைச்செலவுக்குத் திண்டாடும் விவசாயி மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், சாகும் புழு கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செத்த புழுவை மட்டும் எண்ணினால் அது சரியாகத் தோன்றும். சாகாத புழு கூண்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி, இணைசேர்ந்து முட்டையிடுகிறதே, அந்தக் கணக்கு எங்கே?

குறைந்த அளவு விஷம் பூச்சியின் இனப்பெருக்கத்தை மாற்றும் என்பது இன்று நேற்றுக் கண்டதல்ல. நெல் விவசாயிகளுக்கு இது பழைய கதை. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை அடிக்க, தப்பிய பூச்சிகள் கூடுதலாக முட்டையிட்டு முன்னைவிட மோசமாகப் பெருகியதைப் பற்றிச் செல்லையா, ஹைன்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1980-லேயே எழுதிவிட்டார்கள். புகையான் தொல்லை தாங்காமல் இந்தோனேசிய அரசு 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது.

அந்துப்பூச்சியில் விஷயம் இன்னும் விசித்திரம். பெண் பூச்சி இரவில் வாசனையை விட்டு ஆணை அழைக்கிறது. ஆண் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்து வருகிறது. பிரான்சில் கருப்பு வெட்டுப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிகளுக்குக் குளோதியானிடின் மருந்தை மிகச் சிறு அளவில் ஊட்டிப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு இது. ஐந்தில் ஒரு பங்கு பூச்சி சாகும் அளவுக்குக் கொடுத்தபோது, பிழைத்த ஆண்கள் பெண்ணின் வாசனையைத் தேடி முன்னைவிட நன்றாகப் பறந்தன. அதைவிட மிகக் குறைத்துக் கொடுத்தபோது, தலைகீழாக, தேடும் திறன் மங்கிப்போனது. அடுத்த ஆய்வில், உணர்கொம்பில் எந்த மாற்றமும் இல்லை, மூளையில் வாசனையைக் கையாளும் நரம்புகள்தான் மாறியிருக்கின்றன என்று கண்டார்கள். எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில் டெல்டாமெத்ரினும் ஆண்களை இப்படித்தான் முடுக்கிவிட்டது. நம் ஊரில் நிலக்கடலையையும் பருத்தியையும் அரிக்கும் புரோடீனியா புழு அதற்கு நெருங்கிய சொந்தம். படைப்புழுவும் அதே பேரினம்.

சரி, எல்லா மருந்தும் இப்படியா என்றால் இல்லை. நொவாலுரான் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்துகள் குறைந்த அளவிலும் முட்டை பொரிப்பதைக் கெடுக்கும். டயமைடு வகை மருந்துகளிலும் தப்பிய பெண்கள் குறைவாக முட்டையிட்டதாகப் பல ஆய்வுகள் உண்டு. ஒரு பூச்சியில், ஒரு மருந்தில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. நான் சொல்வது இதுதான்: அளவைக் குறைத்தால் பலனும் அதே விகிதத்தில் குறையும் என்ற கணக்கு அந்துப்பூச்சியிடம் செல்லாது. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத ஒன்றை விவசாயிக்குச் சிக்கன வழி என்று சொல்லித்தரலாமா?

வயலில் நடப்பதைச் சொல்கிறேன். படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் மருந்தின் சிபாரிசு அளவு லிட்டருக்கு 0.4 கிராம், பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். கடையில் வாங்கிய பாக்கெட்டை இரண்டு டேங்க் கூடுதலாக இழுத்துவிடலாம் என்று கை தானாகவே குறைத்துப் போடும். அப்புறம், கூலி ஆள் வரிசையில் வேகமாக நடந்து மேல் இலையை மட்டும் நனைத்துவிட்டுப் போவார். புழு இருப்பது குருத்துக்குள். குருத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்திருக்கும், அதற்கடியில் புழு பத்திரமாக இருக்கும். அதற்குப் போய்ச் சேர்வது பாதியிலும் பாதி. புழு பெருத்துவிட்டிருந்தால் அதையும் தாங்கிக்கொள்ளும். ஆகவே முழு அளவில் கலந்தவர் வயலிலேயே பல புழுக்களுக்குக் குறைந்த அளவுதான் கிடைக்கிறது. கலக்கும்போதே குறைத்தவர் வயலைச் சொல்லவே வேண்டாம். பிழைத்து வரும் ஒரு தாய்ப்பூச்சி ஒரே குவியலில் நூறு, இருநூறு முட்டை வைத்து மேலே செதிலால் மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போகும்.

இதற்காக லிட்டருக்கு ஒரு கிராம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிறுக்குத்தனமும் இங்கே நிறைய நடக்கிறது. மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்குவதும் சேர்த்துத்தான். சிபாரிசு செய்த அளவு, நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடிப்பது, புழு சின்னதாக இருக்கும்போதே அடிப்பது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அளவில் கை வைக்காமல் ஒரு தெளிப்பையே தவிர்க்கப் பார்க்கலாம். முட்டைக்குவியலைக் கையால் நசுக்குவதற்குச் செலவே கிடையாது.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண்களைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தடித்த வயலில் பொறியில் விழும் ஆண்களின் எண்ணிக்கை ஏறினால், பூச்சி பெருகிவிட்டது என்றோ பொறி அபாரமாக வேலை செய்கிறது என்றோ உடனே முடிவுகட்ட வேண்டாம். மருந்தால் ஆண்களின் மோப்பம் மாறியிருந்தாலும் எண்ணிக்கை மாறும். செடியில் முட்டையையும் குருத்துச் சேதத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

2018-ல் படைப்புழு கர்நாடகத்தில் தலைகாட்டி, அதே ஆண்டு எங்கள் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்ததிலிருந்து எத்தனையோ மருந்துப் பரிசோதனை அறிக்கைகளைப் படித்துவிட்டேன். தெளித்த மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் எத்தனை புழு குறைந்தது என்று அட்டவணை இருக்கும். தப்பியவை பூச்சியாகி எத்தனை முட்டை வைத்தன, அதில் எத்தனை பொரித்தது என்ற இரண்டு பத்தியை அந்த அட்டவணையில் சேர்க்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகத்தாரிடம் உங்கள் இதழ் கேட்கலாம். அதுவரை, அளவைக் குறைக்கலாம் என்ற அந்த யோசனைக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கார்த்திகைப் பட்டத்து மக்காச்சோளத்துக்கு மருந்து வாங்கக் கிளம்புவதற்குள் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
பெரம்பலூர்