ஜி.பி. ரோடு டீக்கடையில் உதவிய ஆட்டோ அண்ணனுக்கு

போன சனிக்கிழமை மதியம், சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. என் காரின் பானெட்டைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தேன். இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் புது ஏர் இன்டேக் குழாய் உட்கார்ந்துவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து உள்ளே சேரும் ஆவியைக் கொண்டுவரும் ரப்பர் குழாய், பிரீதர் ஹோஸ், மட்டும் அந்த இன்டேக் குழாயின் மூக்கில் ஏறவே இல்லை. விரலில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.

"தம்பி, அது வேணாம். எண்ணெய் பட்டா சில ரப்பர் ஊதிடும், ஹோஸை இறுக்குற கிளாம்ப்பும் நிக்காது."

நான் கூப்பிடவே இல்லை அண்ணே. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, கடையில் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டு வாங்கி வந்தீர்கள். ஹோஸ் முனையை அதில் 2 நிமிடம் முக்கினீர்கள். மூக்கில் சோப்புத் தண்ணீர் தடவி, கிளாம்ப்பை முன்னாடியே கோத்துவிட்டு, நேராகத் தள்ளாமல் இடமும் வலமுமாகத் திருகித் திருகி ஏற்றினீர்கள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ரப்பர் பிதுங்கும் முன்பே ஸ்க்ரூவை நிறுத்தினீர்கள்.

அதோடு போயிருக்கலாம். "காத்தை அளக்குற சென்சாருக்கு அப்புறம் காத்து புகுந்தா, வண்டி நிக்கும்போது இன்ஜின் சீரா ஓடாம ஆடும்" என்று இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகக் காதை வைத்துக் கேட்டீர்கள்.

பணம் எடுப்பதற்குள் சவாரி வந்து கிளம்பிவிட்டீர்கள். உங்கள் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது அண்ணே. ரொம்ப நன்றி. அந்த டீயை நான் வாங்கித் தரணும். வர்ற சனிக்கிழமை அதே கடையில் இருப்பேன்.