பாப்பா அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாள்

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பாவை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 27-வது வாரத்தில் பிறந்தவள், இப்போது தானாகவே பால் குடிக்கிறாள். நுரையீரல் மட்டும் இன்னும் தேற வேண்டும். அதனால் ஆக்சிஜனோடுதான் வருகிறாள். போனில் இதைச் சொன்னதும் நீ அழுதுவிட்டாய், என்னால் மேலே பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். விசா கிடைத்து நீ இங்கே வரும்போது எதைப் பார்த்தும் பயப்படக் கூடாது.

கொரோனா சமயத்தில் டிவியில் காட்டினார்களே, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதைப் படுக்கையறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அறைக் காற்றையே இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைத் தரும். அதிலிருந்து மெல்லிய குழாய் பாப்பாவின் மூக்கு வரைக்கும் வரும். அவளுக்குத் தேவை நிமிடத்துக்கு 0.1 லிட்டர்தான். கரண்ட் போனாலும், வெளியே போனாலும் சமாளிக்கச் சிலிண்டர்கள் இருக்கின்றன. மெஷினுக்கு ஆகும் கரண்ட் காசைக்கூடத் திருப்பித் தந்துவிடுவார்களாம்.

நெருப்பு விஷயத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ஆக்சிஜன் பக்கத்தில் சின்னப் பொறி விழுந்தாலும் குப்பென்று பற்றிக்கொள்ளும். அடுப்போ விளக்கோ, 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் அந்த வாசனை இல்லாமல் எந்தக் குழந்தையும் வளரவில்லை. ஆனால் இவள் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது அம்மா, ஊதுபத்திகூட. முகத்தில் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் அதுவும் தீப்பிடிக்கும். வசம்பு வேண்டாம். தேன் ஒரு வயதுவரை எந்தக் குழந்தைக்குமே ஆகாது.

தூளியும் கட்டப் போவதில்லை. கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும், தலையணை கிடையாது. குறைமாதக் குழந்தை என்பதால் நம் கட்டிலில் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் கூடாது. அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்கிறார்கள். உனக்குக் குளிரும், நீ போர்த்திக்கொள். அவள்மேல் இன்னொரு போர்வையைப் போட்டுவிடாதே.

ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண் எந்நேரமும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கினால் மணி அடிக்கும். இவ்வளவு நாளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வரும், போகும். வீட்டுக்கு அந்தத் திரை வராது. நர்ஸ் வரும்போது கருவி கொண்டுவந்து அளவெடுப்பார், 93 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மற்ற நேரமெல்லாம் நம் கண்தான். விலாவுக்கு அடியில் குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, பால் குடிக்கும்போதே களைத்துப் போகிறாளா என்று பார்க்க வேண்டும். உதடு நீலமானால் உடனே ஆம்புலன்ஸுக்கு 999-ல் கூப்பிட வேண்டும். தம்பிக்குச் சின்ன வயதில் இரைப்பு வரும்போது, இருட்டில் மூச்சுச் சத்தத்தை வைத்தே நீ சொல்லிவிடுவாய். எனக்கு இப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூச்சு நின்றால் என்ன செய்வது என்று பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் 5 முறை வாயால் ஊத வேண்டும், அப்புறம் 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். மாப்பிள்ளைக்கு முதலில் கை நடுங்கியது, இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார். நீ வந்ததும் உனக்கும் சொல்லித் தருகிறேன். வீட்டுக்கு வருமுன் நாங்கள் இரண்டு பேரும் வார்டை ஒட்டிய அறையில் அவளோடு தங்கி, எல்லாவற்றையும் நாங்களே செய்து பார்க்க வேண்டும். பிறந்ததும் இப்படி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்த குழந்தைகளின் பெற்றோருக்கு 12 வாரம் வரை தனி லீவு என்ற சட்டம் 2025 ஏப்ரலில் இங்கே அமலுக்கு வந்திருக்கிறது. அதனால் மாப்பிள்ளையும் கூடவே இருப்பார்.

கிளம்புவதற்கு முன் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள். அந்த நேரத்தில் சளி, இருமல் இருந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடு, பணம் போனால் போகட்டும். அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் கொண்டுவா, இங்கே கடையில் அவ்வளவு மெத்தென்ற துணி கிடைக்கவில்லை. மை டப்பா மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் மகள்